தாக்குதல்: பூச்சியம்

சூடான போட்டோக்கொப்பித் தாளுக்கு ஒரு மணம் இருக்கிறது. இஸ்திரி போட்ட உடுப்பும் லேசாகக் கருகிய பாணும் சேர்ந்தாற்போல. போன வெள்ளிக்கிழமை என் மகள் ரிஹானா கடையிலிருந்து ஓடிவந்து ஒரு கட்டுத் தாளைச் சாப்பாட்டு மேசையில் போட்டபோது, நெடுநாளைக்குப் பிறகு அந்த மணம் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அவளோடு கூட்டாளிகள் மூன்று பேர். கதை விளையாட்டு ஒன்று தொடங்கப் போகிறார்களாம். ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு மனிதராகப் பேச வேண்டும். பூட்டு திறபடுமா, பஸ் கிடைக்குமா என்று சந்தேகம் வரும் இடத்தில் தாயக்கட்டையை உருட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு விதிப்புத்தகங்கள் நிறைய உண்டு. எதை எடுப்பது என்பதில்தான் சண்டை.

"வாப்பா, வாள், மந்திரம் ஒண்டும் வேணாம். இந்தக் காலத்துச் சாதாரண ஆக்களா ஆடோணும். எந்த விதி நல்லம்?"

பகிடிக்குத்தான் கேட்டாள். எனக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்கவில்லை. நான் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன். அதே கேள்விக்கு ஒரு காலத்தில் புத்தளத்துக்குப் பக்கத்துப் பாலாவியில் மூன்று பேர் மாதக்கணக்கில் விடை தேடினார்கள். அதில் ஒருத்தன் நான். போன வெள்ளிக்கிழமை அவளிடம் வாயால் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன், அவளுக்கும் அவள் வயதுப் பிள்ளைகளுக்கும்.

அப்போது நான் பாலாவிச் சந்தியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்தேன். சாதாரணதரப் பரீட்சையில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்ட பிறகு, மற்றவர்களின் சான்றிதழ்களைப் பிரதியெடுக்கும் வேலைதான் எனக்கு வாய்த்தது. சீமெந்துத் தூசியும் உப்பு லொறிகளின் ஹோனும் நாள் முழுக்கக் கடைக்குள் வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கடையைப் பூட்டினால் பின்னேரம் அஸர் வரைக்கும் திறக்கத் தேவையில்லை. அந்த இடைவெளிதான் எங்களுடையது.

விளையாட்டைக் கொண்டுவந்தவன் நஸார். அவனுடைய குடும்பம் யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். அவன் பிறந்தது இங்கே, முகாமில். கட்டாருக்குப் போய் ஒரு ஹோட்டலில் பீங்கான் கழுவினான். அங்கே அறையில் கூட இருந்த பிலிப்பைன்காரன் ஒருவன் இந்த விளையாட்டைப் பழக்கியிருக்கிறான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் போர்வையும் சென்ட் போத்தலும் கொண்டுவருவார்கள். நஸார் மூன்று விதிப்புத்தகங்களைக் கைபேசியில் போட்டுக்கொண்டு வந்தான். அவனுடைய உம்மாவுக்கு அது இன்றைக்கும் மனக்குறை.

மூன்றாவது ஆள் அன்ரனி. உப்பு லொறி ஓட்டுகிறவன், கல்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கன். பிறப்புச் சான்றிதழைப் பிரதியெடுக்க வந்தவன், நஸார் தாயக்கட்டை உருட்டுவதைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், சூதா?" என்று கேட்டான். சூது இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். சான்றிதழை மறந்துவிட்டுப் போனான்.

முதல் புத்தகம் பருத்தது. வாள், நெருப்புக் கக்கும் பறவைநாகம், புதையல். நஸார் அதைத் திருத்தி இந்தக் காலத்துக்குக் கொண்டுவரப் பார்த்தான். அந்த விதிப்படி ஒரு மளிகைக்கடைக்காரனுக்கு நாற்பது உயிர் வந்தது. நாய் அவனைப் பதினொரு தடவை கடித்தும் அவன் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தான். அன்ரனி சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டான். "எங்கட ஆக்களுக்கு ஒரு உயிர்தான் மச்சான் இரிக்கி. அதுவும் பஸ்ஸில போற நேரம் அரைதான்" என்றான்.

இரண்டாவதில் சாதாரண மனிதர்கள் இருந்தார்கள். ஆனால் கதை எங்கே தொடங்கினாலும் பேயில்தான் போய் முடியும். போதாக்குறைக்கு எல்லாத் திறமைக்கும் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி. நான் பஸ் கண்டக்டராக ஆடினேன். மிச்சக்காசு கொடுப்பதில் எனக்கு முப்பத்தைந்து. மூன்று பேருக்குக் கொடுத்தால் இரண்டு பேருக்குக் கணக்குப் பிழைத்தது. பாலாவியிலிருந்து புத்தளம் போய்ச் சேருவதற்குள் பஸ்ஸில் எனக்கு அடி விழுந்தது. என் கணக்குப் பாடம் எனக்கு முன்னாடியே அந்தப் புத்தகத்துக்குள் போய்விட்டது என்று நஸார் சொன்னான்.

மூன்றாவது புத்தகம் மெல்லியது. ஆளைப் பற்றி மூன்று வரி எழுதினால் போதும்: என்ன வேலை, எதற்குப் பயம், யாருக்கு இல்லையென்று சொல்ல ஏலாது. தாயக்கட்டை பெரிதாக விழுந்தால் ஓம். சிறிதாக விழுந்தால் இல்லை. நடுவில் விழுந்தால் 'ஓம், ஆனா'. மீன் விற்கும், ஆனால் கடனுக்கு. மகளுக்கு வேலை கிடைக்கும், ஆனால் கொழும்பில். நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையே 'ஓம், ஆனா'தானே. அதையே எடுத்தோம்.

நஸார் அதோடு இரண்டு காரியம் சேர்த்தான். ஒன்று, யாரும் தன் ஆக்களாக ஆடக்கூடாது. மற்ற மதத்து ஆக்களாகத்தான் ஆட வேண்டும், பிழைத்தால் பக்கத்தில் இருக்கிறவன் திருத்த வேண்டும். மற்றது, முதல் புத்தகத்தின் படிவத்தில் சண்டைப் பலத்தை எழுத இருந்த ஒரு கட்டத்தை அவன் விடாமல் வைத்துக்கொண்டான். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேச்சு வந்தது. 'அடி' போதும் என்றேன் நான். அது சண்டியர் பாஷை, புத்தகத் தமிழில் இருக்கட்டும் என்று 'தாக்குதல்' என்று எழுதினான். எல்லோருக்கும் அதில் பூச்சியம் போட்டான்.

சண்டையில்லாத விளையாட்டுக்கு அந்தக் கட்டம் எதற்கு என்று அன்ரனி கேட்டான்.

"இல்லையெண்டு எழுதி வெச்சாத்தான் இல்லை" என்றான் நஸார்.

அன்ரனி கருவாட்டுக் கடை ஹாஜியார் ஆனான். பயம்: மூத்த மகள். இல்லையென்று சொல்ல ஏலாதது: ஓசியில் வெற்றிலை கேட்கிறவனுக்கு. எல்லாவற்றையும் தன் கோணல் எழுத்தில் அவனே எழுதினான். ஹாஜியார் விலையில் பொய் சொல்வதற்கு முன்னால் அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்வார். நஸார் உடனே மறித்தான்: "பொய் சொல்லப் போற நேரம் பிஸ்மி சொல்ல மாட்டாரு மச்சான். சொல்லி முடிச்சிப்போட்டு மெதுவா இஸ்திஃபார் செய்வாரு." அன்ரனி இஸ்திஃபார் பழகினான். பாவமன்னிப்பு எங்களுக்கும் இருக்கிறதுதானே என்றான். என்னுடைய கண்டக்டர் பெனடிக்ற், பெரிய வெள்ளிக்கிழமை அன்று கடையில் கோழிப் புரியாணி சாப்பிட்டார். அன்ரனி மேசையில் தட்டினான்: "அண்டைக்குக் கோழியா? எங்கட அம்மா உன்ன வாசல்லயே மறிப்பா. கஞ்சி குடி." பெனடிக்ற் கஞ்சி குடித்தார். அன்ரனி வீட்டுக் கஞ்சி எப்படி இருக்கும் என்று அப்புறம் ஒருநாள் போத்தலில் கொண்டுவந்தும் தந்தான்.

அதன் பிறகு அந்த ஏப்ரல் வந்தது.

ஈஸ்டர் ஞாயிறன்று முஸ்லிம் பெயருள்ள சிலர் தேவாலயங்களில் குண்டு வெடிக்க வைத்ததைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். செத்தவர்களில் அன்ரனியின் பெரியம்மா மகளும் ஒருத்தி. நாங்கள் துக்கம் கேட்க மையித்து வீட்டுக்குப் போக வெளிக்கிட்டோம். அன்ரனியே போனில், இப்போ வரவேண்டாம், நிலைமை சரியில்லை என்றான். அவன் குரல் எங்களுக்காகப் பயந்தது. அதுவரை நாங்கள் மேசையில் மட்டும் சொன்ன ஒரு சொல் எல்லா வானொலியிலும் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது: தாக்குதல், தாக்குதல், தாக்குதல்.

பிறகு எங்கள் பக்கத்தில் பொலிஸின் தேடுதல், வீடு வீடாக. அரபு எழுத்துள்ள கலண்டரைக்கூட எங்கள் ஆக்கள் பயத்தில் எரித்தார்கள். இறைச்சி வெட்டும் கத்தியைக் களப்புத் தண்ணீரில் எறிந்தவர்களும் உண்டு. நஸார் ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஒளிப்பதற்கு ஒன்றும் இருந்ததாக அவன் நினைக்கவில்லை. தாள்கள் அலுமாரிக்கு மேலேயே கிடந்தன. பாலாவிச் சந்தியின் வரைபடம், பஸ் நிற்கும் இடம், ஹாஜியாரின் கடை, கடைசியில் 'தாக்குதல்: 0'. வந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர் அந்த ஒரு சொல்லை வாசித்தார். அது போதுமாக இருந்தது, நஸாரைக் கொண்டுபோனார்கள்.

உள்ளே நடந்ததை நஸார் பிறகு ஒரே ஒரு தடவைதான் சொன்னான். இப்போது பூச்சியம் என்றால் எப்போது ஒன்றாகும் என்று கேட்டார்களாம். அடுத்த கேள்வி, இந்த ஹாஜியார் எங்கே? அப்படி ஒருவர் இல்லை என்றிருக்கிறான். எங்கே போய்விட்டார்? ஒரு காலமும் இருந்ததில்லை. அப்படியானால் இது யாருடைய கையெழுத்து? அதற்கு மட்டும் நஸார் வாய் திறக்கவில்லை.

விஷயம் அன்ரனிக்கு எட்டியது. அவர்கள் வீட்டில் துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக்கொடியை இன்னும் அவிழ்க்கவில்லை. அவன் மோட்டார்சைக்கிளில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு நேரே பொலிஸுக்குப் போனான். அதிகாரியின் முன்னால் நின்று சிங்களத்தில் சொன்னான்:

"நான்தான் சேர் அந்த ஹாஜியார்."

அதிகாரி அவனுடைய கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். பெயர் கேட்டார். கையில் கட்டியிருந்த கறுப்புத் துணியைப் பார்த்து, செத்தது யார் என்று கேட்டார். அன்ரனி சொன்னான். அவருடைய குரல் அப்படியே இறங்கிவிட்டது. அன்ரனிக்குக் கதிரை வந்தது. பிளேன்டீ வந்தது. நான் சுவரோடு நின்றேன். அன்ரனி கடதாசி கேட்டு அதே கோணல் எழுத்தில் 'கருவாட்டுக் கடை' என்று எழுதியும் காட்டினான். அவர் அதைச் சரியாகப் பார்க்கவுமில்லை. என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, அன்ரனியின் தோளில் கைவைத்துச் சொன்னார்: மகன், இவங்கள் சொல்லச் சொல்லித்தானே சொல்றீங்க, பயப்படாம வீட்ட போங்க.

அவர் கெட்ட மனிதராக எனக்குத் தெரியவில்லை. துக்கப்பட்ட ஒரு பிள்ளைக்கு அவர் உண்மையாகவே இரங்கினார். அந்த இரக்கத்தைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அன்ரனி என்னைத் திருப்பிக் கொண்டுவந்தான். கடை வாசலில் என்னை இறக்கிவிட்டு, "அம்மா கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் போகவேணாம் எண்டு சொல்றா மச்சான்" என்றான். ஓம் என்றேன். அந்தக் கொஞ்ச நாள் முடியவில்லை.

நஸாருக்கு நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் உள்ளேயே போயின. பிறகு ஒரு குற்றமும் இல்லையென்று விட்டார்கள். எழுதி வைத்தால்தான் இல்லை என்று சொன்னவனுக்கு, இல்லை என்று எழுதிய ஒரு துண்டுகூட யாரும் கொடுக்கவில்லை. மறுபடி கட்டாருக்குப் போனான். விளையாட்டைப் பற்றிக் கேட்டால் வேலை கூடிப்போச்சு என்கிறான்.

அன்ரனியைப் போன வருசம் சந்தியில் கண்டேன். லொறியிலிருந்து தலையை நீட்டி, "ஹாஜியார் எப்பிடி?" என்றான். "இன்னும் தேடுறாங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பின்னால் நின்ற பஸ் ஹோன் அடித்தது. போய்விட்டான்.

குசினியிலிருந்து திரும்பி வந்து, மெல்லிய புத்தகத்தை எடுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். தன் ஆக்களாக ஆடக்கூடாது என்ற விதியையும் சொன்னேன். அது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. தாக்குதல் என்ற கட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

ரிஹானா ஒரு கத்தோலிக்கப் பிள்ளையாக ஆடப் போகிறாளாம். பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "வாப்பா, பெரிய வெள்ளிக்கிழமைக்கி அவங்க என்ன திம்பாங்க?"

"கஞ்சி" என்றேன்.

"என்ன போட்டுக் காய்ச்சிற?"

போத்தலில் குடித்த ருசி ஞாபகம் இருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று நினைவில் வரவில்லை. பயறு என்று நினைக்கிறேன் என்றேன். அவள் பயறு என்று எழுதினாள். நான் மேசையைச் சுற்றிப் பார்த்தேன். நான்கு பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே தெரு, ஒரே மாதிரி வெள்ளைப் பர்தா. மேசையில் தட்டி, பிழை என்று சொல்ல அங்கே ஒருத்தரும் இல்லை.