வாசனை இல்லாத தூசி

ஆம்பூர்ப் பக்கம் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று தோல் புரட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டு வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டு, குளித்த பிறகுதான் குழந்தையைத் தொடுவார்கள். நாறுவது கெடுதல், நாறாதது சுத்தம் என்பது எங்கள் கணக்கு.

நான் எட்டாவதோடு நின்றவன். ஓசூர், திருப்பூர், சித்தூர் என்று சுற்றிவிட்டுத் திரும்பியபோது, மூடிப்போன டேனரிகளைப் பிரிக்கும் வேலைக்கு என் தோஸ்த் கூப்பிட்டான். கூரையெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்த ஷீட். பாய்லர் குழாய்களிலும் அதே நாரைச் சுற்றியிருந்தார்கள். சுத்தியால் உடைத்துத் தள்ளுவோம். மாவு மாதிரி வெள்ளையாகத் தூசி எழும்பும். வாசனையே கிடையாது.

"தோலுக்கு இது எவ்ளோவோ தேவல," என்று அவன் முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டான். நானும் அவிழ்த்தேன். சாயங்காலம் அப்படியே வீட்டுக்குள் போவான். நடை பழகிக்கொண்டிருந்த மகள் அவன்மேல் ஏறிக்கொள்வாள். அவள் தலையும் வெள்ளையாகிவிடும்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன ஆடியில் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் விலாவிலிருந்து நீர் எடுத்துப் பார்த்து, நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் புற்றுநோய் என்றார்கள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத நார் உள்ளே போய்க் குத்தி நிற்கிறது. உடம்பின் காவல் செல்கள் அதை விழுங்கப் பார்க்கின்றன. விழுங்க முடியாத நீளம். அந்த இடம் வருடக்கணக்கில் புண்ணாகவே கனன்றுகொண்டிருக்கிறது. செல் எப்போது வளர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்பவை மரபணுக்கள். அந்தப் புண்ணிலேயே கிடக்கும் செல்லில், நிறுத்தச் சொல்லும் மரபணுக்கள் சில வாயடைத்துப் போகின்றன, சில உடைந்தே போகின்றன. வளரச் சொல்பவை ஓயாமல் பேசுகின்றன.

"அதுக்கு நாத்தமே இல்லியேம்மா," என்றான் அவன்.

"இருந்திருந்தா மூக்க மூடியிருப்பீங்க."

"வாயடச்சத திரும்பப் பேச வைக்க முடியாதா?"

"ஆராய்ச்சி நடக்குது. உங்களுக்கு மருந்து குடுத்துக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். அவ்ளோதான்."

தலையாட்டினான். அவன் கேட்க வந்தது வேறு. "அப்போ என் பொண்ணு என்மேலயே ஏறி விளையாடும். அதுக்கும் வருமா?"

 வீட்டுக்கு வந்த தூசியால் சிலருக்கு வந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. எல்லோருக்கும் வராது. யாருக்கு வரும் என்று இப்போதே சொல்ல வழியில்லை.

பஸ்ஸில் அவன், "நீயும்தான்டா அங்க இருந்த," என்றான்.

"எனக்கு இன்னா, அழறதுக்கு ஆளில்ல. பேஜார் கம்மி."

சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது.

அவன் வீட்டுக்குப் போனோம். ஷூ கம்பெனியிலிருந்து மகள் அப்போதுதான் திரும்பியிருந்தாள். "இன்னாப்பா சொன்னாங்க?"

"மருந்து குடுத்துருக்காங்க."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவப் போனாள். அவன் நகர்ந்துகொண்டான்.

"அது ஒட்டற வியாதி இல்லடா," என்றேன்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்தான். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் என்னைப் பார்த்தாள்.