குற்றாலத்தில் பாதிச் சவரம்

என் வலது கன்னம் மழமழவென்று இருக்கிறது. இடது கன்னத்தில் மூன்று நாள் முடி முள்ளாய்க் குத்துகிறது. அருவிக்கரையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது கத்தி கைநழுவிப் பாறையில் விழுந்து, விளிம்பில் இரண்டு இடத்தில் சில்லுப் பெயர்ந்துவிட்டது. மத்தியானம் இலத்தூருக்கு வில்வண்டி கிளம்பும். எனக்குப் பெண் பார்க்கப் போகிறோம்.

கடைத்தெருவில் மரத்தடியில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் நாவிதர் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"உக்காருங்க சாமி, மிச்சத்தை என் கத்தியில எடுத்துருதேன்."

"வேற கத்தி என் முகத்துல பட்டதே இல்ல. கல்லை மட்டும் குடுங்க, நானே தீட்டிக்கிறேன்."

"கல்லத் தாரேன். ஆனா இந்தச் சில்லு உங்க கைக்குப் போவாது."

"போகும்" என்கிறேன்.

கல்லுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை. இலைகளைத் தாண்டி விழும் சாரலே நனைக்கிறது. கத்தியின் முதுகும் விளிம்பும் ஒன்றாகப் படியும்படி கல்லில் வைத்துத் தள்ளுகிறேன், புரட்டி மறுபக்கம் தள்ளுகிறேன். நகத்தில் வைத்து இழுத்தால் முதலில் இரண்டு இடத்தில் தட்டுகிறது. பிறகு ஒரே இடத்தில். பிறகு எங்குமே தட்டவில்லை. அவர் பெட்டியிலிருக்கும் தோல்வாரில் நன்றாகத் தடவி, கத்தியை அவரிடம் நீட்டுகிறேன்.

நாவிதர் தன் நகத்தில் இழுத்துப் பார்க்கிறார். மறுபடியும் பார்க்கிறார். பிறகு எழுந்து, சவரத்துக்கு வருகிறவர்கள் உட்காரும் பலகையில் தானே போய் உட்கார்ந்து தாடையைத் தூக்குகிறார்.

"மொதல்ல எனக்கு எடுங்க சாமி."

தெருவில் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். பார்க்கட்டும். நான் சோப்பைக் குழைத்து அவர் கன்னத்தில் பூசுகிறேன்.