மூணு மணிக்கு நாலு காட்டிய கல்

எனக்கு வாய் ஜாஸ்தி என்று மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறையில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு அங்கே கம்ப்யூட்டரில் சிலைகளுக்கு அளவுப்படம் வரைந்துகொண்டிருந்தேன். என் சம்பளம் வர ஆரம்பித்த பிறகுதான் அச்சரப்பாக்கத்தில் அம்மா களை எடுக்கப் போவதை நிறுத்தினாள். முட்டி போய்விட்டது அவளுக்கு.

ஒரு சித்திரையில், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கருங்கல்லில் சூரியக் கடிகாரம் கேட்டார்கள். வட்டக் கல், அதன் மேல் சாய்வான முதுகோடு ஒரு முக்கோணக் கல். அதன் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி. நான் லீவில் இருந்த சமயம் பார்த்து முதலாளி இன்டர்நெட்டில் ஒரு வெளிநாட்டுப் படத்தைப் பிடித்து, அப்படியே சிற்பியிடம் கொடுத்துவிட்டார். வந்து பார்த்தால் முதுகு ஐம்பது டிகிரிக்கு மேல் ஏறி நிற்கிறது.

“சார், இது நம்ம ஊருக்கு ஆகாது.”

“ஏன், அங்க சூரியன் மேற்கால மொளைக்குதா?” என்றார் முதலாளி. பட்டறையே சிரித்தது.

சூரியனும் நட்சத்திரங்களும் நகர்வதாகத் தெரிவது நாம் சுற்றுவதால்தான் என்றேன். பூமி எந்த அச்சில் சுற்றுகிறதோ, அந்த அச்சுக்கு இணையாக இந்த முதுகு சாய வேண்டும். அந்த அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்குகிறது. அந்தப் படத்து ஊரில் அது உயரத்தில் தெரியும், நமக்கு அடிவானத்துக்குச் சற்று மேலேதான். பன்னிரண்டரை டிகிரி போதும்.

“உங்கம்மா களை புடுங்கினவங்க. நீ எனக்கு சூரியனக் காட்டுறியா?” என்றார் முதலாளி.

உடம்பெல்லாம் எரிந்தது. ஆமாம், களை பிடுங்கித்தான் என்னைப் படிக்க வைத்தாள். அதில் எனக்கென்ன வெட்கம்?

அட்டையில் பன்னிரண்டரை டிகிரிக்கு ஒன்று வெட்டி, கோடு போட்டு, கல்லுக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்தேன். “என்னுது தப்பா இருந்தா நாளைலேர்ந்து வரமாட்டேன் சார்.”

“பேச்சு மாறக் கூடாது” என்றார்.

உச்சி வெயிலில் இரண்டும் பன்னிரண்டு காட்டின. முதலாளி கைதட்டினார். “ரெண்டும் ஒண்ணுதானே! இதுக்கா இம்மாம் பேஜாரு?” நடுப்பகலில் எந்தச் சாய்வும் சரியாகத்தான் காட்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவின் முட்டிதான் ஞாபகம் வந்தது.

மூன்று மணிக்கு எல்லாரையும் கூப்பிட்டேன். போனில் மூணு ஏழு. அட்டையில் மூணு. கல்லில் நாலு!

“உன்னுதும் ஏழு நிமிஷம் தப்பு கீதே” என்றார், விடாமல்.

“இந்தியாவுக்கே ஒரே மணி சார். அது நமக்குக் கிழக்கால ஓடுற ஒரு கோட்டுக்கு வெச்சது. பூமி இன்னும் கொஞ்சம் சுத்தினாதான் நம்ம ஊருக்கு அந்த மணி வரும். என் ஏழு நிமிஷத்துக்குக் கணக்கு இருக்கு. உங்க ஒரு மணி நேரத்துக்கு என்ன கணக்கு?”

அவர் முகம் கறுத்துப்போனது. “பசங்க இன்னா, மணி பாக்கவா போவுது? ஷோவுக்குத்தானே. அப்படியே வண்டில ஏத்துங்க. ஸ்கூல்ல யாரும் வாயத் தொறக்கக் கூடாது.”

“நான் தொறப்பேன்.”

“அப்ப நாளைக்கு வராதே.”

ஜெயித்தும் வேலை போனது. அநியாயம்! நான் பையை எடுத்தபோது, பத்து நாளாக அந்தக் கல்லோடு கிடந்த சிற்பி எழுந்தார். எங்கள் பட்டறையில் பின்னமான சிலை வெளியே போகாது, விரல் நுனி உடைந்தாலும் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். அவர் கிரைண்டரைப் போட்டு முக்கோணக் கல்லை அடியோடு அறுத்தார்.

“இதுவும் பின்னம்தான் மொதலாளி. என் கையால ஏத்தமாட்டேன்.”

மறுநாள் வழக்கமான பஸ்ஸிலேயே போனேன். போகாமல் இருக்க நான் என்ன தப்பு செய்தேன்? நேராகப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். முதலாளி வந்து பின்னால் நின்றார்.

“எத்தினி டிகிரி சொன்ன?”

“பன்னிரண்டரை சார். நேத்தும் அதான் சொன்னேன்” என்றேன், திரும்பிப் பார்க்காமல்.