துரைக்கு வழிவிட்ட பந்துவீச்சுக்காரன்

ஆறாங்கட்டைத் தோட்டத்தில் டிரசர் வேலை பார்த்தவன் நான், சூசைநாதன். காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும், செத்தவர் பெயரை எழுதி வைப்பதும்தான் அங்கே டிரசர் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் ஈப்போ டவுன் மைதானமான பாடாங்கில் சன்னாசி பந்து வீசிய கதையை இன்றைக்கும் பலர் பல்லை இளித்துக்கொண்டு சொல்கிறார்கள். அவர்கள் வாயை நான் தைக்க முடியுமா? நடந்ததைச் சொல்கிறேன்.

சன்னாசி பால்மரம் வெட்டுகிறவன், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவன். தோட்டத்திலேயே பிறந்தவன், வயது இருபது. எங்கள் துரைக்குக் கிரிக்கெட் பைத்தியம். சாயங்காலமானால் பங்களாவுக்குப் பக்கத்தில் மட்டையோடு நின்றுவிடுவார். பந்து போடக் கங்காணி இழுத்துவந்த நாலு பேரில் சன்னாசி ஒருவன். வெறுங்காலோடு ஓடிவந்து அவன் போட்ட முதல் பந்து துரையின் தொப்பியை உரசிக்கொண்டு போயிற்று. கங்காணிக்கு உயிரே போய்விட்டது. துரை சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், தினமும் அவன்தான் போட்டான்.

ஈப்போ இந்தியர் அணியில் நான் விக்கெட் கீப்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிப்போய் எங்கள் காப்டன் ஜெயபாலனிடம் காட்டினேன். ஜெயபாலன் அரசாங்க ஆபீசில் கிளார்க்.

"மச்சான், இவனை எங்கேடா புடிச்சே?" என்று வாயைப் பிளந்தான். "வெள்ளைக்கார கிளப்போட ஆட்டத்துல நல்லா போடட்டும். திங்கக்கிழமையே ஆபீஸ்ல பியூன் வேலைக்குச் சொல்றேன். டவுன்லயே, புந்தோங்ல வீடும் பாத்துக் குடுக்கலாம்."

சன்னாசிக்கு விக்கெட்டும் பெரிதில்லை, பேரும் பெரிதில்லை. அவன் மனைவி வீரம்மாவுக்கு அப்போது நாலு மாசம். முதல் பிள்ளை ஏழாம் நாளே, கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில், காய்ச்சலில் போய்விட்டது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். இருந்து என்ன கிழித்தேன்?

"அண்ணே, இந்தப் புள்ள லயத்துல பொறக்கக் கூடாதுண்ணே. டவுன்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்குலா, பொழைச்சிக்கும்" என்றான் ரயிலில்.

ஆட்டத்தன்று ஜெயபாலன் அவன் தலையில் ஒரு வெள்ளைத் தொப்பியை மாட்டிவிட்டான். அடேயப்பா, என்ன போடு போட்டான்! நாலு வெள்ளைக்காரர்கள் வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். ஐந்தாவதாக வந்தவர் எங்கள் துரை.

துரை பந்தைத் தட்டிவிட்டு ஓடினார். எங்கள் அணி ராஜு அதை எடுத்துச் சன்னாசிக்கு எறிந்தான். சன்னாசி அழகாகப் பிடித்தான். ஸ்டம்ப் அவன் கைக்கெட்டும் தூரத்தில். துரை பாதிவழியில் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார்.

"தட்டுடா! தட்டுடா!" என்று கத்தினேன்.

தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. பாதையில் துரை வந்தால் நாம் ஓரத்தில் இறங்கித் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் தாண்டும்வரை குனிந்து நிற்க வேண்டும். நடக்கப் பழகும்போதே எங்கள் பிள்ளைகள் அதையும் பழகிவிடும். சன்னாசி தன்னை நோக்கி வரும் துரையைப் பார்த்தான். இரண்டடி ஒதுங்கினான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து நின்றான். துரை அவனைத் தாண்டிக் கோட்டுக்குள் போய்ச் சேர்ந்தார். பந்து அவன் கையிலேயே இருந்தது.

பாடாங்கே சிரித்தது. வெள்ளைக்காரன் சிரித்தான், நம்மவன் சிரித்தான், தண்ணீர் விற்ற சீனன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அதன்பிறகு அவன் போட்ட பந்து எதுவும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. ஒன்று தலைக்குமேல், ஒன்று கால் பக்கம். ஜெயபாலன் பந்தைப் பிடுங்கி வேறொருவனிடம் கொடுத்தான். தோற்றோம். துரை மட்டும் சன்னாசியின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"ஊரே சிரிக்குது. ஆபீஸ் வேலைக்கு இவன் பேரை நான் எந்த வாயால சொல்றது?" என்றான் ஜெயபாலன். ஆபீசில் வெள்ளைக்கார அதிகாரி தலை தெரிந்தாலே நாற்காலியை விட்டு எழுகிறவன் அவன். முகத்துக்கு நேரே அதைக் கேட்டிருக்க வேண்டும் நான். கேட்கவில்லை, கோழை.

லயத்தில் வீரம்மா கேட்டாள்: "துரை ஏசினாரா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு ஒதுங்கினீங்க?"

"தெரியலப்புள்ள. காலு தானா போச்சு."

அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பிள்ளை லயத்திலேயே பிறந்தது. பெண். பதினோரு நாள் இருந்தது. புதைத்துவிட்டு வந்த சன்னாசி என் முன்னால் நின்றான்.

"அண்ணே, டவுனா இருந்தா பொழைச்சிருக்குமா?"

"காய்ச்சல் டவுன்லயும் இருக்குப்பா. பொழைச்சிருக்காது" என்று பொய் சொன்னேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "பொழைச்சிருக்கும்ணே" என்றான்.

அன்று சாயங்காலம் பந்து போடத் துரை ஆள் அனுப்பினார். சன்னாசி போனான்.