ஒருத்தருக்கும் இல்லாத பேர்

குளிப்பாட்டிய பேரனின் தலைக்குச் சாம்பிராணிப் புகை பிடித்துக்கொண்டிருந்தேன். மகன் போனும் கையுமாய் வந்தான்.

"அம்மா, பேர் கிடைச்சிட்டுது. உலகத்திலை வேறை ஒருத்தருக்கும் இல்லை. தேடிப் பாத்திட்டன்."

என் அப்பாவின் குரலே கேட்டதுபோல இருந்தது. அவர் தபாற்காரர். மருதனார்மடத்தைச் சுற்றி எந்த வீட்டில் என்ன பேர் என்று அத்துப்படி. அதில் ஒன்றும் வேண்டாமென்று அண்ணைக்கு ஆம்பற்கோ என்று வைத்து, ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்.

எனக்குப் பத்து வயதில், சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து ஓடியபோது அண்ணை காணாமற்போனான். பக்கத்து வீட்டுச் சிவகுமாரும்தான். பிறகு சந்தியில் இறந்தவர்களின் பட்டியல் ஒட்டினார்கள். வயதில்லை, ஊரில்லை, வெறும் பேர்கள். இரண்டு பேருடைய பேரும் அதில் இருந்தது.

"உது ஆரோ வேறை சிவகுமார். என்ரை பிள்ளை வருவான்" என்றா அவனுடைய அம்மா. சாகும்வரை அவனுக்கும் சேர்த்தே உலை வைத்தா.

எங்கள் அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தா.

"அது வேறை ஆள் எண்டு சொல்ல எனக்கு ஒரு வழியும் வைக்கேல்லையே நீங்கள்."

அப்பா அதன்பிறகு அந்தப் பேரை வாயால் சொன்னதேயில்லை.

"பேர் எப்பிடியம்மா?" என்று மகன் மறுபடி கேட்டான்.

"வேண்டாம். தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கிற பேராப் பாத்து வை."