அழுத்தினால் எடுக்கும் போன்

ஒரு நாளிதழின் வாரப் பக்கத்தில் கைப்பேசிகளைப் பற்றி எழுதுவது சில ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. இடது பக்கம் விவரக் கட்டம்: திரை, நினைவகம், கேமரா, பேட்டரி, எடை. வலது பக்கம், வாங்கியவர்கள் சொல்வது. கட்டத்தில் கருத்து வரக்கூடாது, கருத்தில் விளம்பரம் வரக்கூடாது. வேறு விதி எதுவும் கிடையாது.

அந்த நாளில் வந்த தொடுதிரைப் போன் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான திரை. கழற்றி மாட்டும் பேட்டரி. ஃபிளாஷ் இல்லாத கேமரா. பழைய அகலத்தில் சிம் இடம். கீழ் மூலையில் ஒரு துளை, அதற்குள் பல்குச்சி அளவில் ஒரு பிளாஸ்டிக் குச்சி. திரையைத் தொடுவதற்கென்று கொடுத்தது. தடிமனைப் பற்றிக் கட்டத்தில் எண் மட்டும் போட்டேன். இன்றைய போன்களுக்குப் பக்கத்தில் வைத்தால் சோப்புக்கட்டி மாதிரி இருக்கும்.

கருத்துகளுக்காக வாங்கியவர்களை நேரில் போய்ப் பார்த்தேன். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் மேலாளர், "சத்தம் நல்லாருக்கு சார். மாடியில அடிச்சா கீழ கேக்குது. ஆனா தொட்டா எடுக்காது, குத்தணும்" என்றார். ஒரு கல்லூரி மாணவி, நகம் வளர்க்கிறவர்களுக்குத்தான் இது தோது என்றாள். குச்சியைத் தொலைத்துவிட்டுப் பால்பாயிண்ட் பேனா மூடியால் குத்துகிறவர்களும் இருந்தார்கள். அநேகமாக எல்லாரும் திரையைத்தான் குறை சொன்னார்கள். நானும் அதையே தலைப்பாகப் போட்டேன்.

குறைக்குக் காரணம் எளிமையானது. இப்போதைய திரைகள் விரலில் உள்ள மெல்லிய மின்சாரத்தை உணர்கின்றன. அழுத்தமே வேண்டாம், பட்டால் போதும். அந்தப் பழைய திரைக்கு மின்சாரம் பொருட்டில்லை. மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள். அழுத்தினால் இரண்டும் ஒட்டும், ஒட்டிய இடம் பதிவாகும். அழுத்துவது விரலா, நகமா, விறகுக் குச்சியா என்று அது பார்ப்பதில்லை. விரலை மட்டும் மதிக்கும் திரைகள் வந்ததும் இந்த ரகம் கடைகளிலிருந்து போய்விட்டது. என்னுடையதும் அலமாரிக்குப் போனது.

அதை மறுபடி வெளியே எடுத்தது என் மதினிக்காக.

அண்ணனும் மதினியும் வில்லாபுரத்தில் வீட்டு முன்பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறார்கள். சாமான் வாங்குவது, சட்னி, சாம்பார் எல்லாம் அண்ணன். அடுப்பும் தட்டும் மதினி. ஆவி பறக்கும் தட்டிலிருந்து துணியோடு இட்லியைக் கவிழ்ப்பதற்கு அவர் கரண்டி பிடிக்கிறதில்லை. கல்யாணமான நாளிலிருந்து வெறுங்கையால்தான்.

அவர்களுக்கு ஒரே மகள். ஓசூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஆவணியில் திருமங்கலத்துப் பக்கம் உறவில் ஒரு காதுகுத்து. அவள் அப்போது ஆறு மாதக் கர்ப்பம். அம்புட்டுத் தூரம் வண்டியில் போகவேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட, அவள் வரவில்லை. அதை விசேஷத்தன்று காலையில்தான் போனில் சொன்னாள். மதினி பந்தலில் நின்றபடியே, நாலு பேர் கேட்கிற மாதிரி, "மாமியா பேச்சுத்தான் பெருசுன்னா அங்கயே கெட. இனிமே எனக்குப் போன் பண்ணாத. பண்ணுனாலும் எடுக்க மாட்டேன்" என்று வைத்தார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே மதினியின் பட்டன் போன் செத்தது. மாவுக் கையோடு எடுத்து எடுத்து, பட்டன் இடுக்கெல்லாம் மாவு புகுந்து காய்ந்து அடைத்துப் போய்விட்டது. அப்படிச் செத்த பட்டன் போன்களில் அது முதலாவது இல்லை. "இனி இடுக்கே இல்லாத போனா வாங்கித் தாரேன்" என்று அண்ணன் ஒரு புதுத் தொடுதிரைப் போனை வாங்கி வந்தார்.

மகள் கூப்பிட்டாள். கடை ஓய்ந்து மதினி தனியாக இருக்கும் மத்தியான வேளையில்தான் அவள் கூப்பிடுவது வழக்கம். திரையில் அவள் படம் வந்தது, பச்சை வட்டம் துள்ளியது. மதினி தள்ளினார். வட்டம் நகரவில்லை. மறுபடி தள்ளினார். மணி நின்றுபோனது. அடுத்த நாளும் இதே கதை. மகளுக்கு இதில் புரிந்துகொள்ள ஒன்றுதான் இருந்தது: அம்மா சொன்னபடி செய்கிறாள்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது, மதினி அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு சிம்மக்கல்லில் என் வீட்டுக்கு வந்தபோது.

"கொழுந்தனாரே, கடைக்காரன் ஏமாத்தி விட்டுட்டான். டச் போன போனக் குடுத்துருக்கான். உங்க அண்ணன் தொட்டா எடுக்குது, நான் தொட்டா எடுக்க மாட்டேங்குது."

"அண்ணன்கிட்டக் குடுத்துப் பேச வேண்டியதுதானே?"

"அவரு ராத்திரி அவரு போன்ல பேசுறாரு. 'இந்தா, பேசு'ன்னு நீட்டுறாரு. நான் எதுக்குப் பேசணும்? எனக்குன்னு அவ கூப்பிடட்டும், நான் எடுக்குறேன்."

எடுக்க முடியவில்லை என்பதை மகளிடம் சொல்லச் சொன்னீர்களா என்று கேட்டேன். "அதைப் போயிச் சொல்லுவாகளா" என்றார்.

தெருக்கோடியில் ஒரு பழுது பார்க்கும் கடை இருக்கிறது. கூட்டிப் போனேன். கடைக்காரர் திரையில் கட்டைவிரலால் ஒரு கோலம் போட்டார். ஒவ்வொரு கோடும் பதிந்தது.

"டச்சு பக்காவா இருக்குக்கா."

"அப்ப எனக்கு ஏன் எடுக்கல?"

மதினி தேய்த்துக் காட்டினார். ஒன்றும் பதியவில்லை. கடைக்காரர் அவர் விரல் நுனியைப் பார்த்தார். தோல் தடித்து, காய்ந்து, ரேகை மழுங்கி இருந்தது. ஈரத் துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார். ஈரம் இருந்த ஒரு நொடி கோடு வந்தது, பிறகு பாதியில் விட்டுப்போனது. விரலை மடக்கி மொளியால் தேய்க்கச் சொன்னார். பட்டது, இழுக்கும்போது விலகியது.

"போன்ல கோளாறு இல்லக்கா. தோலு கெட்டியா இருக்கவும் டச் எடுக்கல."

மதினி கையை மடக்கிக்கொண்டார். "அப்ப எனக்குத்தான் டச் போச்சுங்கிறியா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். மதினி சிரிக்கவில்லை. திரும்பும் வழியில், வேறு பட்டன் போன் வாங்கலாம் என்றேன். "அதுக்கும் மாவு ஊட்டவா?" என்று மட்டும் சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அன்று ராத்திரி அண்ணன் மகளோடு பேசும்போது இதைச் சிரிப்பாகச் சொல்லியிருக்கிறார். "உங்கம்மாவுக்கு டச் போச்சாம்த்தா" என்றாராம். மதுரையில் திரை பழுதானாலும் டச் போச்சு என்போம். ஒருவரோடு ஒட்டு உறவு விட்டுப்போனாலும் அதையேதான் சொல்வோம். அண்ணன் முதலாவதைச் சொன்னார். மகள் இரண்டாவதைக் கேட்டாள்.

அவள் என்னைக் கூப்பிட்டது மறுநாள்.

"சித்தப்பா, எங்கம்மாவுக்கு எங்கூட டச்சே போச்சாம். எங்கப்பா சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. அதான் இங்கயே பிரசவம் பாத்துக்கலாம்னு அத்தைகிட்டச் சொல்லிட்டேன். வளைகாப்புக்கு மட்டும் நீங்கள்லாம் வந்துட்டுப் போங்க."

எங்கள் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில். வளைகாப்பு போட்டு அம்மா வீட்டார் அழைத்து வருவார்கள். பெண் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று தெருவே கேட்கும். ஆனால் மதினிக்குத் தெரு ஒரு பொருட்டில்லை. மகளுக்கு என்றே உள் அறைக்குப் போன மாதம் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார் அவர். எனக்கு அது தெரியும், மகளுக்குத் தெரியாது.

விரல், தோல், திரை எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"விரலு எடுக்கலையாமா? நீங்களும் அப்பாவும் சேந்து நல்லாக் கதை விடுறீங்க சித்தப்பா. எடுக்க மாட்டேன்னு அம்மா வாயால சொல்லுச்சு, எடுக்கல. அம்புட்டுத்தான். என்னைக்காச்சும் அதுவாக் கூப்பிடட்டும், நம்புறேன்."

அதற்குப் பின் அவள் மதினிக்குக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள் என்று அண்ணன் சொன்னார். மதினி மத்தியானம் போனை எதிரே வைத்துக்கொண்டு வெங்காயம் உரிக்கிறாராம். அது அடிக்கவில்லை.

அலமாரியில் இருந்த போன் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மின்சாரத்தைத் தேடாத திரை. இடுக்கும் இல்லை. பேட்டரி உப்பியிருந்தது. பழுது கடைக்காரர் வேறொரு பேட்டரியைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். மதினியின் சிம் நகத்தளவுதான். அதைப் பொருத்த ஒரு பிளாஸ்டிக் சட்டமும் தந்தார். "இத வச்சு இன்னும் பேசுவீங்களாண்ணே?" என்றார். வாட்ஸப் வராது, வீடியோ வராது, பணம் அனுப்ப முடியாது. பேசலாம். அவருடைய சிம் கம்பெனி பழைய நெட்வொர்க்கை இன்னும் நிறுத்தவில்லை.

வில்லாபுரத்துக்குப் போனபோது மத்தியானம். அண்ணன் சரக்கு எடுக்கப் போயிருந்தார். மதினி போனைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"என்ன கொழுந்தனாரே, எடைக்குப் போட எடுத்து வச்சதா?"

"குத்திப் பாருங்க மதினி."

சிம்மை மாற்றி, மகள் பெயரை முதல் வரியில் வைத்துக் கொடுத்தேன். குச்சியையும் உருவிக் கொடுத்தேன். அதை அவர் வாங்கவில்லை. இட்லி வெந்துவிட்டதா என்று பார்க்க நடுவில் ஒரு அழுத்து அழுத்துவாரே, அதே அழுத்தத்தில் கட்டைவிரலை வைத்தார். பெயர் நீல நிறமானது. மறுபடி அழுத்தினார். மணி போனது.

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். வைத்துவிடுவாரோ என்று நினைத்தேன். அதற்குள் மகள் எடுத்துவிட்டாள். லாட்ஜ் மேலாளர் சொன்னது சரிதான். நாலடி தள்ளி நின்ற எனக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அப்பா?"

"அப்பன் சரக்கெடுக்கப் போயிருக்காரு. நாந்தான் அமுக்குனேன்."



"நீயா அமுக்குன?"

"ஆமா. அந்தப் புதுப் போனு என் விரல விரலாவே மதிக்கல. இது உங்க சித்தப்பா குடுத்த பழசு. நல்லாக் குத்துனாத்தான் கேக்குது."

"அப்ப உனக்கேத்த போனுதான்."

"வாயப் பாரு."

"எடுக்க மாட்டேன்னு சொன்னேல்லம்மா."

"சொன்னேன். கோவத்துல ஒண்ணு சொன்னா, அத ஒரு போனு வந்து நடத்திக் காட்டும்னு எனக்கென்ன தெரியும்?"

மகள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மதினிக்குத் தெரிந்திருக்கும். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டா வயித்துல நிக்க மாட்டேங்குது."

"சோத்த விட்டுரு. புளிக்காத மாவுல ரெண்டு இட்லி தின்னு. அங்க எவ புளிக்காத மாவு வச்சிருக்கப் போறா."

"வந்து நீ ஊத்திக் குடு."

மதினி போனைக் காதில் இன்னும் இறுக்கினார். அதில் திரை அழுந்தி இணைப்பு போய்விடுமோ என்று எனக்குப் பயம். அந்தப் போனைப் பற்றிப் பலர் சொன்ன குறைகளில் அதுவும் ஒன்று. நல்லவேளை, போகவில்லை.

"உங்க மாமியா பக்கத்துல இருக்காகளா? குடு."

"எதுக்கும்மா? சண்டையா?"

"குடுறீ."

குரல் மாறியது. கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம்கூட அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "நல்லாருக்கீகளா சம்பந்தி? காதுகுத்துல நான் ஒரு வார்த்த கூடச் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீக. அம்புட்டுத் தூரம் அலையவேணாம்னு நீங்க சொன்னது சரிதான். பிள்ளைக்கு வளைகாப்பு போட்டுக் கூட்டிட்டு வரணும். பஸ்ஸு இல்ல, காரு வச்சே வாரோம், மெதுவா ஓட்டச் சொல்றேன். நாள நீங்களே பாத்துச் சொல்லுங்க." அந்தப் பக்கம் நெடுநேரம் பேசினார்கள். மதினி "சரி", "ஆமா", "அதுக்கென்ன" என்று மட்டும் சொன்னார். கடைசியில், "உங்க பேச்சும் எனக்குப் பெருசுதான்" என்றார்.

வைத்ததும் நேரே உள் அறைக்குப் போனார். அங்கே கிரைண்டர் இருந்தது, சுவரோரம் அரிசி மூட்டைகள். அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தபோது மதினி ஒரு மூட்டையைப் பாதி வழி இழுத்திருந்தார்.

"என்னடி பண்ற?"

"கட்டிலு போடணும். மூட்டைய எல்லாம் முன்னுக்குக் கொண்டு போங்க. உங்க மக வாரா."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார்.

"கிரைண்டர எங்க வைக்கிறது? வெளிய கரண்டு லைன் இல்லையே."

"அது இங்கயே இருக்கட்டும்."

"அந்தச் சத்தத்துல பச்சப் பிள்ள எப்பிடித் தூங்கும்?"

"இவ கைப்பிள்ளையில தூங்கல?" என்றார் மதினி. "அது ஓடுறப்பதான் தூங்குவா. நிறுத்துனா எந்திரிச்சு அழுவா."