தமிழ் ரேக்குக்கு உகாதி வரைக்கும் கெடு

திருப்பதியில் புத்தகம் விற்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வருகிறவர்கள் கேட்கிற புத்தகம் நம்மிடம் இருக்காது, நம்மிடம் இருக்கிற புத்தகத்தை யாரும் கேட்க மாட்டார்கள், இரண்டுக்கும் நடுவில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தால் போதும்.

நான் வேலை பார்க்கிற கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முக்கால்வாசி வேலைத் தேர்வு கைடுகள், மிச்சம் நோட்டும் பேனாவும். பின்சுவரில் மட்டும் ஒரே ஒரு தமிழ் ரேக். வரலாறு, பயணம், விஞ்ஞானம், கட்டுரை. கதைப் புத்தகம் கிடையாது. மலைக்கு வருகிற தமிழ்க்காரர்கள் வாங்குவார்கள் என்று நம்பி முதலாளி அதை வைத்தார். அவர் தெலுங்குக்காரர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. திருத்தணியில் தமிழ் மீடியத்தில் படித்து, நகரிக்கு வாழ்க்கைப்பட்டு, தினமும் ரயிலில் வந்துபோகிற என்னை வேலைக்கு எடுத்ததே அந்த ரேக்குக்காகத்தான். அதில் இருக்கிற எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பிடித்த புத்தகங்களில் ஒரு சீட்டும் எழுதிச் சொருகியிருக்கிறேன். 'ஐம்பது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கீழே வைக்க மாட்டீர்கள்' என்கிற மாதிரி.

சங்கராந்தி முடிந்த வாரம் முதலாளி ரேக்கின் மேல் விரலை ஓட்டித் தூசியைப் பார்த்தார். உகாதிக்குள் பாதியாவது காலியாகாவிட்டால் எல்லாவற்றையும் சென்னைக்கே திருப்பி அனுப்பிவிட்டு அங்கேயும் கைடு அடுக்கப்போவதாகச் சொன்னார். ரேக் போனால் நானும் போக வேண்டியதுதான், கைடு எடுத்துக் கொடுக்க என்னைவிடத் தெலுங்கு தெரிந்த ஆட்கள் எத்தனையோ பேர். தனக்குப் பிடித்த புத்தகத்தை அடுத்தவர் கையில் திணித்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறவர்களுக்கு என் நிலைமை புரியும். முதலாளி கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீ நல்லாத்தான் சொல்ற ம்மா. எல்லாரும் நின்னு கேட்டுகினு போறாங்க. ஒண்ணு கூட அம்முடு போகல கதா, விக்கவே இல்லியே?"

விட்டுப்போன ஏரி

முதலில் மாட்டியவர் சத்தியவேடு பக்கத்து விவசாயி. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்ததால் நிழலுக்கு உள்ளே வந்தவர். விவசாயி என்று தெரிந்ததுமே ஏரிகளின் வரலாற்றை எடுத்து நீட்டினேன். யார் வெட்டினார்கள், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர், மதகை எப்போது திறப்பது என்று யார் முடிவு செய்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. ரேக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த புத்தகம் என்றும் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசிப் பக்கங்களில் இருக்கிற ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். நான் டீ வாங்கி வந்து கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்து இரண்டு கையாலும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

விலைதான் காரணம் என்று நினைத்து, குறைத்துத் தரலாமா என்று முதலாளியைக் கேட்கப் போனேன். விவசாயி என்னை நிறுத்தி, என் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் தன் ஊர், மண்டலம், எந்த பஸ்ஸில் வர வேண்டும், எங்கே இறங்க வேண்டும் எல்லாம் எழுதிக் கையில் கொடுத்தார். "வெலக்கி இல்லம்மா. இம்மா பெரிய புக்கு எழுதிகிறாரு, எங்க ஏரிய உட்டுட்டாரே. வந்து பாத்துட்டுப் போயி சேத்து எழுதச் சொல்லு, அப்ப வாங்கிக்கறன்."

அப்புறம் என்ற ஒரு வார்த்தை

அடுத்து ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் வேலை பார்க்கிற மதுரைப் பையன். லீவு நாளில் மலைக்குப் போய்விட்டு வந்திருந்தான். ரூமில் நான்கு பேர், எல்லோரும் போனில் மூழ்கிவிடுகிறார்கள், தனக்குப் படிக்க வேண்டும், அதுவும் கதை வேண்டாம், நிஜமாக நடந்தது வேண்டும் என்றான். இப்படி ஒரு ஆளுக்காக நான் எத்தனை மாதம் காத்திருந்தேன் என்று அவனுக்குத் தெரியாது. தென்னாட்டில் ரயில் பாதை போட்ட வரலாற்றை எடுத்தேன். மண் சுமந்த கூலிகள், காய்ச்சலில் போன முகாம்கள், ஸ்டேஷன் எங்கள் ஊருக்குத்தான் வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்ட பக்கத்துப் பக்கத்து ஊர்கள், வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன பாலம்.

பாலத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். "அப்புறம்?" என்று கேட்டான். என்னிடம் யாராவது அப்புறம் என்று கேட்டுவிட்டால் வாய் நிற்காது, அது ஒரு வியாதி. சொன்னேன். மறுபடியும் கேட்டான். கடைசி அத்தியாயத்தில் முதல் வண்டி வந்து நின்று ஜனங்கள் எஞ்சினுக்குத் தேங்காய் உடைத்தது வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, பில் போடப் புத்தகத்தை எடுத்தேன். அவன் நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "முழுப் படத்தையும் பாத்த மாதிரி இருக்கு மேடம். ஆனா ஒரே படத்த ரெண்டு தடவ பாக்க எனக்கு டைம் இல்ல."

பாதியில் நிறுத்திப் பார்த்தது

புத்தி வந்தது. இனிமேல் எதையும் பாதிக்கு மேல் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். அன்று பார்த்து சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, பிள்ளைகள் எல்லோரும் மொட்டை, தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. அம்மா பேனா பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா ரேக் பக்கம் வந்தார். கொள்ளை நோய்களின் வரலாற்றை எடுத்தேன். கப்பலில் எலி வந்து இறங்கியது, முதல் வீட்டில் காய்ச்சல், பிறகு தெரு, பிறகு ஊர். பாதிப் பேர் ஊரைவிட்டு ஓட, மீதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தார்கள் என்கிற இடத்தில் பட்டென்று நிறுத்தி, புத்தகத்தை அவர் கையில் வைத்தேன். தாங்க முடியாமல் வாங்கிவிடுவார் என்பது என் கணக்கு.

வாசலில் நின்ற பிள்ளைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு புத்தகத்தை என்னிடமே கொடுத்தார். "குடும்பத்தோட நல்லா இருக்கணும்னு இப்பத்தான் கும்புட்டுட்டு எறங்கி வர்றோம், சாகற எடத்துல நிறுத்துனா எப்படிம்மா? பொழச்சாங்களா இல்லையான்னு மட்டும் சொல்லிரு, நான் பஸ் ஏறணும்."

புத்தூர் வசந்தம்மா

பிழைத்தார்கள் என்று சொல்லி அனுப்பினேன், வேறு என்ன செய்ய? முழுசாகச் சொன்னாலும் விற்கவில்லை, பாதி சொன்னாலும் விற்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் புத்தூர் வசந்தம்மா வந்தார், மகளுக்கு ரெகார்டு நோட்டு வாங்க. மேஜை மேல் இருந்த புத்தகத்தின் அட்டையில் நம் பக்கத்து மேப்பைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். ஆந்திராவுக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லை பிரித்த வரலாறு. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஊர் ஊராகக் கேட்டது, யார் என்ன சொன்னார்கள், யாரைக் கேட்காமலே விட்டார்கள் என்று சொல்லச் சொல்ல அவர் நோட்டை மறந்துவிட்டு அப்படியே நின்றார். அவருடைய அக்காவைக் கொடுத்த ஊர் அந்தப் பக்கமாம். அக்காவின் கல்யாணத்தன்று நைனா ஏன் அப்படி அழுதார் என்று இப்போதுதான் புரிகிறது என்றார்.

புத்தகத்தை வாங்கினார்! நான் கேட்காமலே பணத்தை எடுத்து வைத்தார். சந்தோஷத்தில் எனக்குப் பில் எழுத வரவில்லை. கவரில் போடும்போது, எல்லாவற்றையும்விட நான்காவது அத்தியாயத்தை மெதுவாகப் படியுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. "எனக்கு தமிழ் பேசத்தான் வரும் தங்கச்சி, படிச்சதெல்லாம் தெலுகு மீடியம். புக்கு ஊட்ல இருக்கட்டும். நீ போன்ல தெனம் கொஞ்சம் கொஞ்சமா சொல்லி அனுப்பு, நா வேல செஞ்சிகினே கேட்டுக்கறன்."

பாகாலா பஸ்

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? காசு வாங்கியாகிவிட்டது. தினமும் காலை ரயிலில், ரேக்கில் மிச்சமிருந்த பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, நான் புரிந்துகொண்டபடி ஐந்து நிமிஷம் பேசி அனுப்புவேன். அது முடிந்ததும் ஏரி வேண்டும் என்றார். ஏரி முடிந்ததும் ரயில், ரயில் முடிந்ததும் கொள்ளை நோய். அவர் அதையெல்லாம் அக்காவுக்கு அனுப்பினார் என்பதுவரை தெரியும். கடைக்குத் திடீரென்று புத்தூர், நகரிப் பெண்கள் வந்து நோட்டும் பேனாவும் வாங்கிக்கொண்டு, இன்றைக்கு ஏன் ஆடியோ வரவில்லை என்று கேட்டபோதுதான் கொஞ்சம் உறைத்தது. நின்று கேட்டுவிட்டுப் போனவர்கள் போதாதென்று, இப்போது வராமலே கேட்கிறவர்களையும் சம்பாதித்திருந்தேன். ரேக்கில் இருந்து ஒரு புத்தகமும் நகரவில்லை.

ஒரு கல்யாணத்துக்காகச் சித்தூருக்கு பஸ்ஸில் போனேன். பாகாலா தாண்டியதும் முன்சீட்டில் யாரோ சத்தமாகப் பேசுகிற குரல், பின்னால் ரயில் ஓடுகிற சத்தத்தோடு. என் குரல்! பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்காரர் ஒருவர் போனை உயர்த்திப் பிடித்திருக்க, எல்லை விஷயத்தில் தங்கள் ஊரைக் கேட்டார்களா இல்லையா என்று பக்கத்து சீட்டுக்காரரோடு சண்டை. எனக்குப் பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்தது. உகாதிக்கு இன்னும் ஆறு நாள்தான் என்பதும் ஞாபகம் வந்தது. எழுந்து போய், இதெல்லாம் ஒரு புத்தகத்தில் இருக்கிறது, திருப்பதியில் எங்கள் கடையில் கிடைக்கும் என்றேன். அவர் ஆச்சரியத்தோடு திரும்பினார். "அப்டியா? இந்தம்மா பேசறத அதுக்குள்ள புக்காவே போட்டுட்டாங்களா?"

உகாதிக்கு முந்தின நாள்

முதலாளியின் அட்டைப்பெட்டிகள் வந்துவிட்டன, சணல் கயிறும் வந்துவிட்டது. இத்தனை நாளில் விற்றது வசந்தம்மா வாங்கிய ஒரே ஒரு புத்தகம். நானே கட்ட ஆரம்பித்தேன். ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் என் சீட்டை உருவும்போது அழுகை வந்தது, மறைக்கவில்லை. சத்தியவேட்டுக்காரரின் விலாசச் சீட்டை மட்டும் என் பைக்குள் போட்டுக்கொண்டேன். இரண்டு பெட்டி நிறைந்தபோது முதலாளி வந்தார். கையில் போன். என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

அவர் மனைவி சித்தூர்ப் பக்கம், தமிழ் நன்றாகவே வரும். தங்கை மூலமாக ஒரு மாதமாக ஆடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று வீட்டில் அவர் போட்டபோது முதலாளிக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. கொள்ளை நோயில் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தால்தான் நாளைக்கு உகாதிப் பச்சடி என்று அந்தம்மா கறாராகச் சொல்லிவிட்டாராம். முதலாளி குனிந்து, பெட்டியிலிருந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, தலைகீழாக இருப்பது தெரியாமலே ரேக்கில் அடுக்கினார். பாதி அடுக்கியதும் என் பக்கம் விரலை நீட்டினார். "ரேக்கு இருக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்றன் கேளு. இனிமே இதுல ஒரு புக்கும் யாருக்கும் விக்காத. வித்துட்டா நீ எத்த பாத்து சொல்லுவ?"

ஆக, புத்தகம் விற்காததால் போக இருந்த வேலை புத்தகம் விற்கக் கூடாது என்பதால் நிலைத்துவிட்டது, இதை நகரியில் இருக்கிற என் வீட்டுக்காரருக்கு எப்படி விளக்குவது என்றுதான் தெரியவில்லை.